லெவலிங் கிட் நல்லது, ஆனால் அந்த ஹெட்லைட்: பிக்கப்பில் போட்டு மூன்று வருடம் ஓட்டிய அனுபவம்

"அண்ணா, அந்த லெவலிங் கிட் பாதி விலைக்கு வந்திருக்கு, வாங்கிடவா?" என்று டாலஸ் பக்கம் இருக்கும் நண்பர் கேட்டார். அவரிடம் இருப்பதும் என்னிடம் இருப்பது போன்ற அரை டன் பிக்கப்தான், நான்கு கதவு, பின்னால் ஐந்தரை அடி பெட்டி. முன்பக்கத்தை 2 இன்ச் தூக்கும் அதே மாதிரி கிட்டை நான் போட்டு மூன்று வருடத்துக்கு மேல் ஆகிறது. போனில் சொல்லி முடிக்கிற விஷயமாக இல்லை, அதனால் எழுதுகிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், அது உண்மையிலேயே நல்லது. புதிதாக வரும்போது எல்லா பிக்கப்பும் மூக்கைத் தாழ்த்தி, பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டுதான் நிற்கும். கிட் போட்டதும் வண்டி நேராக நின்றது, இன்றைக்கும் பார்க்கிங்கில் இறங்கி நடக்கும்போது ஒரு தடவை திரும்பிப் பார்க்கத் தோன்றுகிறது. அதைவிட நான் எதிர்பார்க்காத சந்தோஷம், கடைகளின் பார்க்கிங்கில் இருக்கும் கான்கிரீட் கட்டைகள். முன்பெல்லாம் பம்பருக்குக் கீழே இருக்கும் பிளாஸ்டிக் தகடு அதில் உரசி வயிற்றைக் கலக்கும், இப்போது உரசுவதே இல்லை. ஒரு சைஸ் பெரிய டயரும் முழு ஸ்டீயரிங் ஒடித்தாலும் எங்கும் இடிக்காமல் உட்கார்ந்துவிட்டது. டயர் தேய்மானம் சமமாக இருக்கிறது, ஆக்ஸில் மூட்டை மூடும் ரப்பர் பூட் எதுவும் கிழியவில்லை. கிட் என்கிற பொருள் மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது.

நிறைய பேர் "சவாரி கல்லு மாதிரி ஆயிடுமா" என்று கேட்கிறார்கள். ஸ்ட்ரட்டின் (முன்சக்கரத்தைத் தாங்கும், ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்) தலைக்கு மேல் வைக்கும் ஸ்பேசர் துண்டு என்றால் ஆகாது, ஏனென்றால் அது ஸ்பிரிங்கை அமுக்குவதில்லை, முழு ஸ்ட்ரட்டையும் கீழே தள்ளி வைக்கிறது, அவ்வளவுதான். கிட் வந்த பெட்டியைப் பிரித்தால் 2 இன்ச் கிட் என்று வாங்கியதில் அலுமினியத் துண்டு அதில் பாதிக்குச் சற்று அதிகமாகத்தான் இருக்கும், ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். சக்கரத்தைச் சேசிஸோடு இணைக்கும் கீழ்க்கையில் ஸ்ட்ரட் நடுவாக்கில் போய் மாட்டுவதால், அங்கே ஒரு இன்ச் நகர்ந்தால் சக்கரத்தில் கிட்டத்தட்ட இரண்டு இன்ச் வரும். ஸ்பிரிங்கையே அமுக்கி உயரம் எடுக்கும் வகைகளும் உண்டு, பில்ஸ்டைன் 5100 போல ஸ்ட்ரட்டில் வரி வரியாகப் பள்ளம் வைத்து உயரத்தை மாற்றுவது, அது வேறு கதை, வேறு விலை.

மாட்டுவதில் ஒரே ஒரு விஷயம் மட்டும் கவனியுங்கள். கீழ்க்கையின் போல்ட்டுகளை வண்டி தரையில் தன் எடையில் நிற்கும்போதுதான் கடைசி டைட் வைக்க வேண்டும். எனக்கு மாட்டிய கடையில் லிஃப்டில் தொங்கவிட்டபடியே முறுக்கி அனுப்பிவிட்டார்கள். உள்ளே இருக்கும் ரப்பர் புஷ் முறுக்கிய நிலையிலேயே நின்று, ஒவ்வொரு வேகத்தடைக்கும் கிரீச் என்று கத்தியது. தளர்த்தி, தரையில் நிறுத்தி, மறுபடி முறுக்கினோம், சத்தம் போய்விட்டது.

இனி ஹெட்லைட்.

போட்ட அன்று இரவே ஆரம்பித்தது. ஹூஸ்டன் பக்கத்துக் கேட்டி ஊரிலிருந்து மேற்கே இருக்கும் எஃப்எம் ரோடுகள் (கிராமப்புறச் சாலைகள்) தெரிந்தவர்களுக்குத் தெரியும், இரண்டே லேன், விளக்குக் கம்பம் கிடையாது. நான் டிம்மில்தான் போய்க்கொண்டிருக்கிறேன், எதிரே வருகிறவர் எல்லாம் எனக்கு டிம் அடிக்கச் சொல்லிப் பளிச் பளிச் என்று காட்டுகிறார்கள். ஒருவர் பிரைட்டைப் போட்டு அப்படியே கடந்தார். அவர் மேல் எனக்குக் கோபமே வரவில்லை, அவர் கண் கூசியதற்கு நான்தானே காரணம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே இருக்கும் தூரம், அதாவது வீல்பேஸ், 145 இன்ச், முன்னால் 2 இன்ச் தூக்கினால் வண்டி முக்கால் டிகிரிக்குச் சற்று மேல் சாய்கிறது. இது ஒன்றும் இல்லை போலத் தோன்றும். 100 அடி தூரத்தில் அந்தச் சாய்வு வெளிச்சத்தை 16 இன்ச்சுக்கு மேல் தூக்குகிறது, விளக்கே உயர்ந்ததையும் சேர்த்தால் ஒன்றரை அடி. கார் ஓட்டுபவரின் கண் தரையிலிருந்து 3.5 அடி உயரம் என்று வைத்துத்தான் அமெரிக்காவில் சாலைகளையே வடிவமைக்கிறார்கள். முன்பு முட்டிக்குச் சற்று மேலே விழுந்த டிம் வெளிச்சம் இப்போது நேராக அந்தக் கண்ணுக்குள் போகிறது.

என்னைக் கொதிக்க வைப்பது, இதை யாருமே சொல்வதில்லை என்பதுதான். மாட்டும் கூலி, அப்புறம் வீல் அலைன்மென்ட், எல்லாம் பில்லில் வரி வரியாக இருக்கிறது, ஹெட்லைட் என்று ஒரு வார்த்தை இல்லை. கேட்டால் "அது நாங்க செய்யறதில்லை" என்கிறார்கள். டெக்சாஸில் 2025 ஜனவரியிலிருந்து சாதாரண வண்டிகளுக்கு வருடாந்தரப் பாதுகாப்புச் சோதனையையும் எடுத்துவிட்டார்கள், ஆக யாரும் பார்த்துச் சொல்லவும் போவதில்லை. விளக்கைச் சரியான உயரத்துக்கு இறக்குவது செலவில்லாத வேலை. சமதளத்தில் சுவரிலிருந்து 25 அடி தள்ளி நிறுத்தி, விளக்கின் நடு உயரத்துக்குச் சுவரில் டேப் ஒட்டி, டிம் வெளிச்சத்தின் மேல் விளிம்பு மேனுவலில் சொன்ன இடத்துக்கு வரும்வரை விளக்கின் பின்னால் இருக்கும் திருகைத் திருப்ப வேண்டும். பத்து நிமிடம். எதிரே வருகிறவரின் உயிர் சம்பந்தப்பட்ட பத்து நிமிடத்தை ஒரு கடை விட்டுவிடுகிறது என்றால் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

சரி, திருகினேன், தீர்ந்ததா? காலி வண்டிக்குத் தீர்ந்தது. இது பிக்கப் ஆயிற்றே, சுமை ஏற்றத்தானே வாங்கினோம். தோட்டத்துக்கு அரை கன யார்டு மண் ஏற்றினாலே சுமார் ஆயிரம் பவுண்டு, பின்பக்கப் பட்டை ஸ்பிரிங் அமுங்கி மூக்கு வானத்தைப் பார்க்கிறது, விளக்கும் கூடவே போகிறது. பொங்கலுக்கு பேர்லேண்ட் மீனாட்சி கோவிலுக்குப் பாத்திரமும் அரிசி மூட்டையும் ஏற்றிக்கொண்டு விடியற்காலை இருட்டில் கிளம்பினால், வழியெல்லாம் மறுபடி அதே பளிச் பளிச். நியாயமாகச் சொன்னால் இதில் கிட்டின் குற்றம் பாதிதான், கிட் போடாத வண்டியிலும் சுமை ஏற்றினால் வெளிச்சம் மேலே போகத்தான் செய்யும். ஆனால் ஊரில் என் அண்ணன் ஓட்டும் ஸ்விஃப்டில், ஸ்டீயரிங் பக்கத்தில் எண்கள் போட்ட ஒரு சின்னத் திருகு இருக்கிறது, பின் சீட்டில் ஆள் ஏறினால் விளக்கைக் கீழே இறக்கிக்கொள்ளலாம். ஐரோப்பாவிலும் இப்படிக் கையாலோ தானாகவோ விளக்கை இறக்கும் வசதி இல்லாமல் பொதுவாகப் புது கார் விற்க முடியாது. இங்கே விதி அதைக் கட்டாயமாக்கவில்லை, அதனால் பொதுவாக வைப்பதும் இல்லை. நாலு பேர் ஏறும் சின்னக் காரில் இருப்பது, ஆயிரம் பவுண்டு ஏற்றும் வண்டியில் இல்லை. இதை நான் எத்தனை தடவை சொன்னாலும் எனக்குச் சலிக்காது.

கடைசியில் பின் ஆக்ஸிலுக்கும் சேசிஸுக்கும் நடுவே காற்றுப்பை வைத்தேன். சுமை ஏற்றினால் காற்றடித்துப் பழைய உயரத்துக்குக் கொண்டுவந்துவிடலாம், விளக்கும் இடத்துக்கு வந்துவிடும், இறக்கியதும் காற்றைக் குறைக்க வேண்டும். நன்றாக வேலை செய்கிறது. ஆனால் அதன் விலை கிட்டின் விலையைப் போல மூன்று மடங்கு, "பாதி விலை" என்று துள்ளுகிறவர்கள் இதையும் சேர்த்துக் கூட்டிப் பார்க்க வேண்டும்.

நண்பர் படகு இழுப்பவர், சனிக்கிழமை விடியும் முன்பே ஏரிக்குக் கிளம்பிவிடுவார். வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச் (ட்ரெய்லரின் பாரத்தை முன்சக்கரத்துக்கும் பகிரும் இணைப்பு) வைத்திருக்கிறார், அதை முன்சக்கர வளைவின் உயரத்தை அளந்துதான் அமைப்பார்கள், கிட் போட்டால் அந்த அளவெல்லாம் புதிதாக எடுக்க வேண்டும். வடக்கு கரோலினாவில் முன்பக்கம் பின்பக்கத்தைவிட 4 இன்ச் அல்லது அதற்கு மேல் உயர்த்திய வண்டி ஓடவே கூடாது என்ற சட்டம் 2021 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. நம் கிட் அந்தக் கணக்கில் வராது. ஆனாலும் படகின் பாரம் ஹிட்சில் உட்காரும்போது மூக்கு எவ்வளவு தூக்குகிறது என்று அவர் ஒரு தடவை டேப் வைத்து அளந்து பார்க்கட்டும்.

அதனால் அவருக்கு என் பதில், வாங்காதீர்கள். என் வண்டியிலிருந்து கழற்றுவேனா என்றால், மாட்டேன், எனக்கு அது பிடித்திருக்கிறது. ஆனால் மாதம் நாலு தடவை இருட்டில் ட்ரெய்லர் இழுக்கிறவருக்கு இந்த விலையில் நான் சிபாரிசு செய்ய மாட்டேன். காற்றுப்பை விலை இறங்கினால் சொல்லுங்கள், அதை முதலில் மாட்டுவோம், சனிக்கிழமை என் வீட்டு டிரைவ்வேயிலேயே செய்யலாம், சுவரில் டேப் இன்னும் ஒட்டித்தான் இருக்கிறது.