டர்ன்டேபிளுக்கு எந்த பவர்டு ஸ்பீக்கர்: எடிஃபையரா, எரிஸா, கிளிப்ஷா?

ஆடியோ-டெக்னிகாவின் ஏடி-எல்பி60எக்ஸ் மாதிரியான தொடக்கநிலை டர்ன்டேபிளுக்கு ஸ்பீக்கர் தேடினால் அடிக்கடி கண்ணில் படுபவை மூன்று: எடிஃபையர் ஆர்1280டி, பிரிசோனஸ் எரிஸ் இ3.5, கிளிப்ஷ் ஆர்-41பிஎம். மூன்றிலும் ஆம்ப்ளிஃபையர் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. நான் எடுத்தது எடிஃபையர். ஒலியைவிட, எதை எங்கே வைக்கலாம் என்ற சங்கதிதான் என்னை அந்தப் பக்கம் சாய்த்தது.

வாட் கணக்கைச் சீக்கிரம் முடித்துவிடலாம். எடிஃபையர் இரண்டும் சேர்ந்து 42 வாட். எரிஸ் பக்கத்துக்கு 25, கிளிப்ஷ் பக்கத்துக்கு 35. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறைக்கு எதுவும் போதும். பெரிய ஹாலில் வைத்துக் கேட்ட அனுபவம் எனக்குக் குறைவு என்பதால் அதற்கு இந்தக் கணக்கை நம்ப வேண்டாம். புளூடூத் கிளிப்ஷில் உண்டு. எடிஃபையரில் வேண்டுமானால் ஆர்1280டிபி பார்க்க வேண்டும். விலையில் கிளிப்ஷ் மற்ற இரண்டையும்விட நன்றாகவே மேலே.

இனி முக்கியமான விஷயம். ஊசியிலிருந்து வரும் சிக்னல் மிகச் சின்னது. எல்பி60எக்ஸ்-இன் கார்ட்ரிட்ஜ் (ஊசியின் அதிர்வை மின்சிக்னலாக்கும் பகுதி) தருவது சுமார் 2.5 மில்லிவோல்ட், ஸ்பீக்கரின் சாதாரண ஆடியோ நுழைவான லைன் இன்புட்டுக்கு 150 மில்லிவோல்ட்டாவது வேண்டும். தவிர, ரெக்கார்டு வெட்டும்போதே பேஸைக் குறைத்து, ட்ரெபிளைக் கூட்டித்தான் வெட்டுகிறார்கள். அதைத் திருப்பிச் சரிசெய்து, சிக்னலையும் பெரிதாக்குவது ஃபோனோ ப்ரீஆம்ப். கிளிப்ஷில் அது ஸ்பீக்கருக்குள்ளேயே இருக்கிறது. எடிஃபையரிலும் எரிஸிலும் கிடையாது. கேட்டவுடன் கிளிப்ஷ்தான் வசதி என்று தோன்றும்.

ஆனால் டர்ன்டேபிளும் ஸ்பீக்கரும் ஒரே மேசையில் இருக்கக் கூடாது. வூஃபரின் (பேஸ் தரும் பெரிய கூம்பின்) அதிர்வு பலகை வழியாக ஊசிக்கு ஏறி, மறுபடி ஸ்பீக்கரில் வெளிவந்து, சுற்றிச் சுற்றிப் பெருகும். முதலில் பேஸ் குழம்பும். வால்யூமை இன்னும் ஏற்றினால் ஊளையிடும். அடியில் ரப்பர் வைப்பது பாதி மருந்துதான். தள்ளி வைப்பதே வழி.

தள்ளி வைத்தால் கிளிப்ஷின் வசதி அங்கேயே அடிபடுகிறது. அந்தச் சின்ன சிக்னல் அப்படியே நீளமான கேபிளில் ஸ்பீக்கர் வரை போக வேண்டும். வழியில் ஃபேன் ரெகுலேட்டர், மொபைல் சார்ஜர் இரைச்சலையெல்லாம் வாங்கிக்கொண்டு வரும். இன்னொன்று கெபாசிட்டன்ஸ், அதாவது கேபிள் மின்னூட்டத்தைத் தேக்கும் தன்மை. உதாரணமாக, ஏடி-விஎம்95இ என்ற கார்ட்ரிட்ஜுக்கு எல்லாம் சேர்த்து 100 முதல் 200 பிகோஃபாரட் வரைதான் இருக்கலாம். சாதாரண ஆர்சிஏ கேபிள் மீட்டருக்கே ஏறத்தாழ 100 பிகோஃபாரட் சேர்த்துவிடும். மூன்று மீட்டர் இழுத்தால் பாடகரின் ‘ஸ’வும் ‘ஷ’வும் உறுத்தும், அதற்கு மேலே உள்ள நுண்ணிய ஒலிகள் மங்கும்.

ப்ரீஆம்ப் டர்ன்டேபிள் பக்கத்திலேயே இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. எல்பி60எக்ஸ்-இல் அது உள்ளேயே இருக்கிறது. பின்புற ஸ்விட்சை லைனில் தள்ளினால் போதும். ரேகா பிளானார் 1 போல ப்ரீஆம்ப் உள்ளே இல்லாத டர்ன்டேபிளுக்கு பெஹ்ரிங்கர் பிபி400 மாதிரி ஒரு சின்ன ப்ரீஆம்ப் பெட்டியை ஒரு மீட்டருக்குள் வைக்கலாம். அங்கிருந்து எடிஃபையருக்கு நாலு மீட்டர் கேபிள் போனாலும் கேடில்லை. நாளைக்கு ப்ரீஆம்ப் பழுதானால் அதை மட்டும் மாற்றலாம். ஸ்பீக்கருக்குள் இருப்பது பழுதானால் பெட்டியைக் கழற்ற வேண்டியிருக்கும். கிளிப்ஷையும் லைனில் போட்டு இப்படியே ஓட்டலாம்தான். ஆனால் அப்போது ஃபோனோவுக்கென்று கூடுதல் காசு கொடுத்தது எதற்கு?

ஸ்விட்ச் மாறிப்போனால் சத்தமே காட்டிக்கொடுக்கும். வால்யூம் முழுக்க வைத்தும் மெல்லிசாக, பேஸே இல்லாமல் கேட்டால் நடுவில் ப்ரீஆம்ப் இல்லை. உறுமலும் கரகரப்புமாக வந்தால் இரண்டு ப்ரீஆம்ப் அடுத்தடுத்து வேலை செய்கின்றன; உடனே வால்யூமைக் குறைக்கவும்.

எரிஸ் கெட்டதல்ல. மேசை முன் ஒரு மீட்டருக்குள் உட்கார்ந்து கேட்பவருக்கு அதன் ஒரு அங்குல ட்வீட்டர் (ட்ரெபிள் தரும் சின்ன ஸ்பீக்கர்) எடிஃபையரைவிடத் தெளிவு. வால்யூம் முன்பக்கம் இருப்பதும் நல்லது. எடிஃபையரில் எல்லாக் குமிழும் வலது பெட்டியின் பக்கவாட்டில். ஆனால் எரிஸின் காற்றுத் துளை பின்னால் இருப்பதால் சுவரோடு ஒட்டி வைத்தால் பேஸ் வீங்கும். எடிஃபையருக்கு அது முன்னால் இருக்கிறது. சுவரோர அலமாரிக்கு அதுதான் தோது. கீறல் விழுந்த பழைய ரெக்கார்டுகளின் பொரிச்சத்தத்தையும் எரிஸ் கொஞ்சம்கூட மறைக்காது.

இணைத்தபின் இரண்டு சோதனை. டர்ன்டேபிள் சுழலாமல் ஊசியை மட்டும் ரெக்கார்டில் இறக்கி, வால்யூமை வழக்கமாகக் கேட்கும் அளவுக்கு மேல் ஏற்றி, டர்ன்டேபிள் இருக்கும் பலகையை விரலால் தட்டுங்கள். ‘தொப்’ என்று வந்து அடங்கினால் சரி. இழுத்துக்கொண்டே போனால் ஸ்பீக்கரை இன்னும் தள்ளி வைக்க வேண்டும். எல்பி60எக்ஸ் தானியங்கி என்பதால் ஊசிக்கை நகர்ந்தாலே சுழலத் தொடங்கிவிடும்; அதில், பாட்டு தொடங்குமுன் வரும் வெற்றுத் தடத்தில் இதைச் செய்யலாம்.

அடுத்தது, எடிஃபையரில் வலதிலிருந்து இடதுக்குப் போகும் வயர். சிவப்பு கறுப்பு ஒரு முனையில் மாறினாலும் சத்தம் வரும், ஆனால் பேஸ் காணாமல் போகும். பழைய மோனோ இ.பி. (இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே ஒலி வரும் சின்ன ரெக்கார்டு) ஒன்றைப் போட்டு இரண்டுக்கும் நடுவில் உட்காருங்கள். குரல் நேர் எதிரே நின்றால் வயர் சரி. எங்கிருந்து வருகிறதென்றே பிடிபடாவிட்டால் ஒரு முனையில் மட்டும் மாற்றிச் செருகவும்.