பாங்காக் தேசிய அருங்காட்சியகம்: ஒரு முழு நாளை ஒதுக்குங்கள்

நாகர்கோவிலிலிருந்து பாங்காக் செல்பவர்களின் பயணத் திட்டத்தில் அரண்மனையும் மரகத புத்தரும் மிதவைச் சந்தையும் தவறாமல் இடம்பெறும்; அந்த அரண்மனையிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தேசிய அருங்காட்சியகம் பெரும்பாலும் இடம்பெறாது. எங்கள் சுற்றுலா ஏற்பாட்டாளர் அதைச் சேர்த்திருந்தார், ஆனால் திங்கட்கிழமையில் சேர்த்திருந்தார். திங்களும் செவ்வாயும் அங்கே விடுமுறை. பூட்டிய வாயிலைப் பார்த்துத் திரும்பிய வருத்தம் தீர, புதன்கிழமை நானும் என் மனைவியும் குழுவை விட்டுத் தனியாகப் போனோம். பயணத்திலேயே சிறந்த நாளாக அது அமைந்தது.

1782இல் 'இரண்டாம் அரசர்' எனப்பட்ட துணை அரசருக்காகக் கட்டப்பட்ட 'முன் அரண்மனை'தான் 1887 முதல் அருங்காட்சியகமாக இருக்கிறது. வளாகத்திலுள்ள தேக்குமரச் சிவப்பு மாளிகை, பத்மநாபபுரம் அரண்மனைத் தூண்களைத் தடவிப் பார்த்து வளர்ந்த நமக்கு உடனே நெருக்கமாகிவிடுகிறது. புத்தைசவான் ஆலயத்தில் செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் அமர்ந்து, சுவர் நிறைந்த புத்தர் வரலாற்று ஓவியங்களை நிதானமாகப் பார்க்கலாம். இராமாயணக் கூத்துக்கான முகமூடிகளும் பாவைகளும் இருக்கும் அறையில், நம் ஊர்த் தோல்பாவைக்கூத்தை நினைக்காமல் இருக்க முடியாது.

ஆனால் தேர்க்கூடத்துக்காக மட்டுமே கூட இந்த இடத்துக்குப் போகலாம் என்பேன். அரச குடும்பத்தாரின் இறுதி ஊர்வலத்துக்கான தேர்கள் அங்கே நிற்கின்றன. அவற்றுள் பெரியது 1795இல் தாய்லாந்து மன்னர் முதலாம் ராமா தம் தந்தையின் ஈமச் சடங்குக்காகச் செய்வித்தது. 11 மீட்டருக்கு மேல் உயரம், 13 டன்னுக்கு மேல் எடை, இழுப்பதற்கு 200 பேருக்கு மேல் வேண்டும். 2017இல் மன்னர் பூமிபோலின் இறுதி ஊர்வலத்திலும் இதே தேர்தான் சென்றது. அருகில் சென்று பார்த்தபோது, அடுக்கடுக்காக எழும் நாகத் தலைகளும் கைகூப்பிய தேவர்களும் தங்க ரேக்கு ஒட்டப்பட்டு, இடுக்குகளில் நகக்கண் அளவே உள்ள கண்ணாடிச் சில்லுகள் பதிக்கப்பட்டிருப்பதைக் கண்டோம். தேரின் பெயர் 'மகா பிச்சாய் ராச்சரோத்'; இரண்டு முறை சொல்லிப் பார்த்தால் 'மகா விஜய ராஜரதம்' என்று காதில் விழுகிறது. தகனம் நடக்கும் மண்டபத்தை அவர்கள் மேரு என்றே அழைக்கிறார்கள். மார்கழியில் சுசீந்திரத்தில் வடம் பிடித்த கைகளோடு அந்தச் சக்கரத்தின் முன் நின்றபோது, எனக்குச் சிறிது நேரம் பேச்சு வரவில்லை.

1292ஆம் ஆண்டைக் குறிக்கும், சுகோத்தாய் மன்னர் ராம்காம்ஹேங்கின் கல்வெட்டையும் தவறவிடாதீர்கள். தாய் எழுத்து கெமர் எழுத்தின் வழியாகப் பல்லவர் எழுத்திலிருந்து கிளைத்தது என்பதைத் தெரிந்துகொண்டு பார்த்தால், புரியாத அந்த வரிகளும் அந்நியமாகத் தோன்றுவதில்லை. புதன், வியாழக்கிழமைகளில் காலை 9.30 மணிக்குத் தன்னார்வலர்கள் ஆங்கிலத்தில் சுற்றிக்காட்டுகிறார்கள். பிள்ளைகளை அழைத்துச் செல்பவர்கள் அந்த நேரத்துக்கே போய்விடுவது நல்லது.

மாலையில் டாக்சி பிடித்துப் பெரிய ஊஞ்சலுக்குப் போனோம். சிவப்பு வண்ணத் தேக்குக் கம்பங்கள் மட்டுமே இன்று நிற்கின்றன. பிராமணச் சடங்காக அங்கே நடந்த ஊஞ்சலாட்டம் 1935இல் நின்றுவிட்டது. எனினும் பக்கத்தில் 1784இல் எழுந்த தேவஸ்தானில், சிவன், பிள்ளையார், திருமால் மூவருக்கும் தனித்தனிச் சந்நிதிகள் உள்ள அந்த வளாகத்தில், அரண்மனைப் பிராமணர்கள் இன்றும் ஆண்டுதோறும் 'திரியம்பாவாய்' விழா எடுக்கிறார்கள். அது நம் திருவெம்பாவைதான். மார்கழி விடியற்காலையில் நம் தெருக்களில் கேட்கும் பாட்டின் பெயரைக் கடல் கடந்த ஊரில் கேட்ட என் மனைவி, பிள்ளையார் சந்நிதி முன் நின்று அதன் முதல் பாடலை மெல்லிய குரலில் முழுவதுமாகப் பாடி முடித்த பிறகே வெளியே வந்தாள்.