வாஷிங் மெஷின் ரிப்பேருக்கு ஆள் கூப்பிடுகிறீர்களா? 6,800 ரூபாய் இழந்தவன் எழுதுகிறேன், படித்துவிட்டுக் கூப்பிடுங்கள்

கொதிப்போடு எழுதுகிறேன், கோர்வையாக இல்லையென்றால் பொறுத்துக்கொள்ளுங்கள். 6,800 ரூபாய். ஒரு ஹேர்பின்னும் ஒரு சட்டைப் பட்டனும் செய்த வேலைக்கு நான் அழுத தொகை.

எங்களுடையது ஃப்ரன்ட் லோட் மெஷின். துவைத்து முடிக்கிற நேரத்தில் தண்ணீர் வெளியேறாமல் நின்று, பீப் பீப் என்று கத்திக்கொண்டு எர்ரர் கோடு காட்டியது. உள்ளே தண்ணீர் நிற்பதால் கதவும் திறக்கவில்லை. வாரண்டி எப்போதோ முடிந்தாயிற்று. கம்பெனி பெயரோடு கஸ்டமர் கேர் என்று சேர்த்துத் தேடினேன், முதலில் வந்த எண்ணுக்கு அழைத்தேன். போனை எடுத்த பெண் கம்பெனி பெயரைச் சொல்லித்தான் வணக்கமே சொன்னார். மாடல் எண், வாங்கிய வருஷம் எல்லாம் கேட்டுக் குறித்துக்கொண்டார். புகார் எண்ணும் குறுஞ்செய்தியில் வந்தது. இதற்குமேல் ஒரு மனுஷன் எதைப் பார்த்துச் சந்தேகப்படுவான்?

அன்றைக்கே ஆள் வந்துவிட்டார். கழுத்தில் அடையாள அட்டை, பேச்சில் அவ்வளவு பணிவு. மெஷினின் அடிப்பக்க மூலையில் இருக்கும் சின்ன மூடியைத் திறந்தார். உள்ளே விரல் தடிமனில் ஒரு ரப்பர் குழாய். அதை வெளியே இழுத்து, முனையில் இருந்த அடைப்பானைப் பிடுங்கி, தட்டில் தண்ணீரைப் பிடித்துப் பிடித்து வாளியில் ஊற்றினார். டிரம் காலியாகும் வரை பொறுமையாகச் செய்தார். கடைசியில் அவரே துணி கேட்டு வாங்கித் தரையையும் துடைத்தார். அந்த இடத்தில்தான் நான் அவரை முழுசாக நம்பினேன். வேலை முடிந்ததும் தரையைத் துடைக்கிற மெக்கானிக்கை நான் அதுவரை பார்த்ததில்லை. அம்மா காபி போடவே கிளம்பிவிட்டார்.

அந்த மூடியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். விஷயமே அங்கேதான் இருக்கிறது.

அப்புறம் மெஷினை இயக்குகிற எலக்ட்ரானிக் போர்டைக் கழற்றினார். ஈரம் படாமல் இருக்க அதன் மேல் கெட்டியாகப் பசை ஊற்றியிருப்பார்கள். அதில் பழுப்பாக ஒரு திட்டைக் காட்டி, "பாருங்க சார், இங்கதான் அடி வாங்கியிருக்கு. போர்டு போயிருச்சு" என்றார். புதுசு வாங்கினால் கட்டுப்படியாகாதாம், பழையதைக் கொடுத்துவிட்டு எக்ஸ்சேஞ்ச் போட்டால் 6,800-க்கு முடித்துவிடலாமாம். நான் போர்டை ஒரு போட்டோ எடுத்துக்கொண்டேன், மாடல் எண்ணுக்குப் பயன்படுமே என்று. அவர் போர்டோடு போனார், கொஞ்ச நேரத்தில் 'வேறு' போர்டோடு வந்து மாட்டினார். ஸ்பின் மட்டும் போட்டுக் காட்டினார். டிரம் ஜோராகச் சுற்றியது. "ஓகேவா சார்?" ஓகேதான். பணத்தை அவருடைய சொந்த எண்ணுக்கே அனுப்பச் சொன்னார், கம்பெனி கணக்கில் ஏதோ சர்வர் கோளாறாம். பில் மெயிலில் வரும் என்றார். இன்னும் வந்துகொண்டிருக்கிறது.

அடுத்த முறை துணி போட்டதும் அதே இடத்தில் நின்றது, அதே பீப், அதே கோடு.

அதற்குப் பிறகு நடந்த போன் கூத்தைத்தான் தாங்க முடியவில்லை. "கம்ப்ளெய்ன்ட் ரெய்ஸ் பண்ணியாச்சு சார், டெக்னீசியன் கூப்பிடுவாரு." கூப்பிடவில்லை. "அவரு லீவுல இருக்காரு சார்." சரி, வேறு ஆளை அனுப்புங்கள் என்றால், "நீங்க போர்டுக்குத்தானே பணம் கட்டியிருக்கீங்க? இது தண்ணி பிராப்ளம். அதுக்குத் தனி விசிட் சார்ஜ் ஆகும்." முதல் நாளே தண்ணி பிராப்ளம் என்றுதானே அம்மா நான் கூப்பிட்டேன்! கடைசியாக ஒருவர், மேலதிகாரி போலக் குரலைத் தாழ்த்தி, "சத்தம் போட்டா வேலை நடக்காது சார்" என்றார். அத்தோடு என் எண்ணை பிளாக் செய்துவிட்டார்கள்.

மெஷினோடு வந்த கையேட்டில் இருந்த எண்ணுக்கு அழைத்த பிறகுதான், நிஜக் கம்பெனியில் என் பெயரில் புகாரே பதிவாகவில்லை என்று தெரிந்தது.

பக்கத்து வீட்டார் அவர்களுக்கு வழக்கமாக வரும் மெக்கானிக்கை அனுப்பினார். அவர் வந்து உட்கார்ந்ததும் அதே மூடியைத்தான் திறந்தார். ரப்பர் குழாய்க்குப் பக்கத்திலேயே திருகுகிற மாதிரி வட்டமாக ஒன்று இருக்கிறது, அதுதான் ட்ரெயின் பம்ப் ஃபில்டர், அதாவது தண்ணீரை வெளியேற்றும் பம்ப்புக்குக் குப்பை போகாமல் பிடிக்கிற வடிகட்டி. திருகி இழுத்தார். முடியும் நூலும் சுருண்டு ஒரு பந்து, அதற்குள் ஹேர்பின், பட்டன். கழுவி மாட்டினார், தண்ணீர் சலசலவென்று போய்விட்டது. போர்டையும் கழற்றிக் காட்டச் சொன்னேன். என் போட்டோவில் இருந்த அதே பார்கோடு எண், மூலை கிழிந்த அதே ஸ்டிக்கர். பசை நாள்பட்டால் பழுப்பேறுவது சகஜம் என்றார்.

அப்படியானால் அன்றைக்கு மட்டும் எப்படி ஓடியது? தண்ணீர் குறிப்பிட்ட நேரத்துக்குள் இறங்கவில்லை என்றால்தான் மெஷின் அந்தக் கோடு காட்டும். அந்த ஆள் கையால் எல்லாத் தண்ணீரையும் எடுத்துவிட்டு வெறும் டிரம்மைச் சுற்றவிட்டார். பம்ப்புக்கு வேலையே இல்லை, தண்ணீர் மட்டத்தைப் பார்க்கிற சென்சாரும் டிரம் காலி என்றுதான் சொல்லும். ஃபில்டருக்கு ஒரு விரல் தள்ளி உட்கார்ந்துகொண்டு, அதைத் தொடாமல், என் 6,800-ஐ எடுத்துக்கொண்டு போயிருக்கிறான். இனி 'அவர்' எல்லாம் கிடையாது.

உஷார்ப்படுத்தத்தான் உட்கார்ந்தேன், ஆத்திரத்திலேயே பாதி போய்விட்டது. சுருக்கமாக: தேடலில் மேலே வரும் எண் காசு கொடுத்துப் போட்ட விளம்பரமாக இருக்கலாம், கையேட்டில் உள்ள எண்ணுக்கு மட்டும் அழையுங்கள். தண்ணீர் போகவில்லை என்றால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, வெந்நீராக இருந்தால் ஆறவிட்டு, குழாய் வழியே தண்ணீரை எடுத்தபின் முதலில் ஃபில்டரைப் பாருங்கள். போர்டைக் கழற்றினால் ஸ்டிக்கரோடு போட்டோ எடுங்கள். தண்ணீர் நிரப்பி, அது வெளியேறுவதைக் கண்ணால் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். சொந்த எண்ணுக்கு அனுப்பச் சொன்னால் பில் வந்த பிறகு பார்க்கலாம் என்று சொல்லிவிடுங்கள்.

இன்னும் இருக்கிறது, பிறகு சேர்க்கிறேன். பணம் போன கணக்கைக் குறிப்பிட்டு வங்கிக்குப் புகார் எழுதிக்கொண்டிருக்கிறேன், போர்டு போட்டோவையும் அதோடு இணைக்க வேண்டும்.