காரைக்குடிப் பாத்திரக்கடையில் நாய் டேக்: எதை வெட்டச் சொல்வது?

கல்யாணச் சாமானில் கரண்டிக்குக்கூட விலாசம், அதாவது குடும்ப இனிஷியல், வெட்டிப் பழகிய ஊர் இது. அதே பேர் வெட்டும் மெஷினில், கேட்டால், நாய் பெல்ட்டில் மாட்டும் பித்தளை வில்லைக்கும் எழுத்து வெட்டித் தருகிறார்கள். வேலை சுத்தம். ஆன்லைனில் வரும் லேசர் டேக்கைவிட எழுத்து ஆழமாக விழுகிறது. குறை என்று சொன்னால் ஒன்றுதான்: என்ன வெட்டுவது என்பதைக் கடைக்காரர் விருப்பத்துக்கு விட்டால் நாயின் பேர் பெரிதாகவும் போன் நம்பர் எறும்பு சைஸிலும் வரும். பாத்திரப் பழக்கம் அப்படி.

டேக்கைப் படிக்கப்போவது முன்பின் தெரியாத ஒருவர். அவருக்கு வேண்டியது நம்பர். 32 மி.மீ. வட்டத்தில் ஓரம் 2 மி.மீ. விட்டால், நடுவில் 28 மி.மீ. கிடைக்கும். பத்து இலக்கம் 3 மி.மீ. உயரத்தில் அங்கே தாராளமாக உட்காரும். 25 மி.மீ. வில்லையில் அது நெருக்கியடிக்கும்; ஐந்து ஐந்தாக இரண்டு வரியில் உடைத்து வெட்டச் சொல்லுங்கள். மேல்வரியை வளையத் துளை தின்றுவிடும், அங்கே நம்பர் வேண்டாம்.

யாருடைய நம்பர் என்பதில்தான் இந்தப் பக்கத்தில் பலரும் தவறுகிறார்கள். வீட்டுக்காரர் கோலாலம்பூரிலோ சென்னையிலோ இருப்பார், நாய் கானாடுகாத்தானில் வீடு பார்த்துக்கொள்பவரோடு இருக்கும். +60 என்று தொடங்கும் நம்பருக்கு டீக்கடைக்காரர் ஐ.எஸ்.டி. போட மாட்டார். அரை மணி நேரத்தில் வண்டி எடுத்து வரக்கூடிய ஆளின் நம்பர் முதலில், வீட்டுக்காரர் நம்பர் இரண்டாவது. இரண்டும் ஒரே வீட்டு ஆட்களுடையதாக இல்லாமல் இருந்தால் இன்னும் நல்லது. கல்யாணத்துக்குப் போனால் இருவரும் சேர்ந்துதான் போனை எடுக்காமல் இருப்பார்கள்.

விலாசம் போடலாமா? உள்ளூரில் கதவு எண்ணைவிட அந்த இனிஷியல்களுக்குத்தான் வழி தெரியும். ஆனால் வேட்டுச் சத்தத்துக்கு மிரண்டு ஓடிய நாய் பள்ளத்தூர் தாண்டிவிட்டால் அந்த மூன்றெழுத்து வெறும் எழுத்து. ஆகவே ஊர்ப் பேர் கட்டாயம். சிவன் கோவில் தெரு என்று மட்டும் வெட்டினால் எந்த ஊர்ச் சிவன் கோவில் என்று கேள்வி வரும். தெருவுக்குத் தெரு நீளும் வீடுகளில் நாய் பெரும்பாலும் பின்கட்டு வழியாகத்தான் வெளியேறும். இருந்தாலும் முகப்பு இருக்கும் தெருவையே போடுங்கள்.

நாயின் பேர் பின்பக்கம் சின்னதாக இருந்தால் போதும். பேரைச் சொல்லித் திருடன் கூப்பிடுவான் என்ற பயம் வீண், அவன் பிஸ்கட்டோடு வருவான். தினமும் மருந்து தரவேண்டிய நாயா? ‘மருந்து உண்டு, உடனே அழைக்கவும்’ என்ற வரிக்கு மற்ற எதையும் விட்டுக்கொடுக்கலாம். மைக்ரோசிப் போட்டிருந்தால் 15 இலக்கத்தையும் வெட்ட வேண்டாம். ‘சிப் உண்டு’ போதும், ஸ்கேனர் இருக்கும் மருத்துவர் மீதியைப் பார்த்துக்கொள்வார். ‘ரேபிஸ் ஊசி போட்டது’ என்பதை மட்டும் வெட்டவே வெட்டாதீர்கள். ஊசி காலாவதியாகும், பித்தளை ஆகாது. அதைவிட மோசம், கடிபட்டவர் அதைப் படித்துவிட்டுத் தன் ஊசியைப் போடாமல் இருந்துவிடலாம்.

தமிழில் வெட்டினால் புள்ளியைக் கவனியுங்கள். மெல்லிய ஊசியில் அது கீறல் போல விழும், நாய் செம்மண்ணில் புரண்டதும் மறையும். ‘கானாடுகாததான’ என்றாகிவிட்டாலும் ஊரைக் கண்டுபிடித்துவிடலாம். நம்பரில் அந்தச் சலுகை கிடையாது: மண் அடைத்தால் 3, 6, 8 மூன்றும் ஒன்றுபோலத் தெரியும். பள்ளத்தில் கறுப்பு நகப்பூச்சு விட்டு, காய்வதற்குள் மேலே துணியால் துடைத்தால் எழுத்து மட்டும் கறுத்து நிற்கும். பித்தளை மங்கினால் குத்துவிளக்கு போலப் புளி போட்டுத் தேய்க்கலாம், ஆனால் புளியை நன்றாகக் கழுவிவிடவேண்டும். இதெல்லாம் முடியாது என்பவர்களுக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். கியூ.ஆர். டேக்கை இரண்டாவதாக மட்டும் மாட்டலாம். நெட்டும் அந்தக் கம்பெனியும் இருக்கும்வரைதான் அதற்கு உயிர்.

கனம் 1.5 மி.மீ.க்குக் குறையக் கூடாது. மெல்லிய தகட்டில் வளையம் உரசி உரசித் துளையை அறுத்துவிடும். ‘எஸ்’ கொக்கி கொடுத்தால் வாங்காதீர்கள், இரட்டைச் சுற்று ஸ்டீல் வளையம் கேளுங்கள். சங்கிலி மாட்டும் வளையத்திலேயே டேக்கைக் கோர்த்தால் சங்கிலிக் கொக்கி அதை நெம்பிவிடும், தனி வளையம் வேண்டும். சிப்பிப்பாறை, கன்னி நாய்களுக்குத் தலை ஒடுக்கம் என்பதால் சாதா பெல்ட் டேக்கோடு சேர்ந்தே உருவிக்கொண்டு போகும். அவற்றுக்கு இழுத்தால் இறுகும் அகலப் பெல்ட்டில் தகட்டை ரிவிட் அடிப்பதே சரி.

காசு கொடுக்கும் முன், எழுதிக் கொடுத்த சீட்டைப் பார்க்காமல் வில்லையைப் பார்த்தே அந்த நம்பரை அடித்துப் பாருங்கள். ஓர் இலக்கம் மாறியிருந்தால் அழிக்க முடியாது, திருப்பிப் போட்டுப் பின்பக்கத்தில் புதிதாக வெட்டச் சொல்லவேண்டியதுதான். தப்பான பக்கத்தை அரம் போட்டுச் சிதைக்காமல் கடையை விட்டு இறங்காதீர்கள்.