வருஷ பேக் போட்டு ஒரு வருஷம்: நெட் கொஞ்சமாக ஓட்டுகிறவனின் கணக்கு

காங்கேயத்திலிருந்து சின்ன மாமா கூப்பிட்டிருந்தார். "ஏன் மாப்ள, நீ போட்ட அந்த வருஷ பேக்கு தேறுமா? நானும் போட்டுரட்டா?" போனில் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதி இங்கே.

நான் செல்போனுக்குப் போட்டது 1,999 ரூபாய் ரீசார்ஜ் பேக். 365 நாள், அன்லிமிடெட் கால், வருஷத்துக்கும் சேர்த்து 24 ஜிபி. தினசரி இவ்வளவு என்று பிரித்துத் தருவதில்லை, மொத்தமாகக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். இந்த ஒரு விஷயத்துக்காகவே இந்தப் பேக்கை எனக்கு ரொம்பப் பிடித்துப் போனது. தோட்டத்து வீட்டில் ஃபைபர் நெட் இருக்கிறது, வீடியோ எல்லாம் அதில்தான். வெளியே போனால் ஜிபே, வாட்ஸ்அப், மழை வருமா என்று ஒரு பார்வை, அவ்வளவுதான். பல நாள் 50 எம்பி கூட ஓடாது. ஆனால் கவுந்தப்பாடிக்குச் சர்க்கரை மூட்டை கொண்டுபோகிற அன்று ஏலம் முடிகிற வரைக்கும் உட்கார்ந்திருக்க வேண்டும், அன்று மட்டும் தாராளமாக ஓடும். தினசரி 1.5 ஜிபி பேக்கில் ஓடாத நாளின் டேட்டா ராத்திரி 12 மணிக்குக் காணாமல் போகும். இதில் அது அடுத்த வாரத்துக்கும் கிடக்கும். வாட்ஸ்அப்பில் படமும் வீடியோவும் தானாக இறங்குவதை வைஃபைக்கு மட்டும் என்று மாற்றி வையுங்கள், ஆப் அப்டேட்டையும் அப்படியே. 24 ஜிபி வருஷம் முழுக்கத் தாராளம்.

பணக் கணக்கும் சரியாகவே இருக்கிறது. நான் போட்டபோது அதே கம்பெனியின் 199 ரூபாய் பேக்கில் 28 நாளும் 2 ஜிபியும். மாசம் ஒரு தரம்தான் என்று நினைப்போம், ஆனால் வருஷத்துக்கு 13 தரம் போட வேண்டும். 2,587 ரூபாய். வருஷ பேக்கில் 588 ரூபாய் மிச்சம். அந்த 28 நாள் ஏற்பாடு எனக்கு எப்போதும் வயிற்றெரிச்சல்தான். குறைந்தது ஒரு 30 நாள் பேக்கும், மாசாமாசம் ஒரே தேதியில் புதுப்பிக்கிற ஒரு பேக்கும் வைக்கச் சொல்லி, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2022-ல் உத்தரவே போட்டது. வைத்தார்கள். கடையில் போய் ரீசார்ஜ் என்றால் இன்றும் முதலில் நீட்டுவது 28 நாள் பேக்கைத்தான்.

கொஞ்சமாக நெட் ஓட்டுகிறவன் காசு கொடுப்பது டேட்டாவுக்கு இல்லை, நம்பர் உயிரோடு இருக்கிற நாளுக்கு. அதனால் ஜிபி விலையைப் பார்க்காதீர்கள், ஒரு நாளுக்கு எவ்வளவு ஆகிறது என்று பாருங்கள். 1,999-ஐ 365-ஆல் வகுத்தால் ஐந்தரை ரூபாய்க்குக் கொஞ்சம் கீழே. 199-ஐ 28-ஆல் வகுத்தால் ஏழு ரூபாய்க்கு மேலே.

இவ்வளவு நல்லது சொல்லியும் எனக்குக் கோபம் ஆறவில்லை. பேக் போட்டு மூணு நாலு மாசத்தில் எங்கள் தோட்டத்தில் சிக்னல் சரிந்தது. வாசலில் நின்றால் ரெண்டு கோடு, ஆசாரத்துக்குள் (கூடத்துக்குள்) வந்தால் ஒன்றுமில்லை. வீட்டுக்குள் வைஃபை காலிங்கில் சமாளித்தோம். கிணற்றுமேட்டுக்கு வைஃபை வருமா? புகார் கொடுத்தால் போனை அணைத்துப் போடுங்கள் என்றார்கள். அப்புறம் புகார் தீர்ந்துவிட்டதாக ஒரு மெசேஜ். தீரவே இல்லை. கோபியிலிருந்து ஈரோடு வரைக்கும் பஸ்ஸில் போனால் ஒரு இடத்திலும் அறுபடாது, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் நான் குடியிருப்பது பஸ்ஸில் இல்லையே.

28 நாள் பேக்காக இருந்தால் நம்பர் மாறாமல் கம்பெனி மாற 1900-க்கு போர்ட் மெசேஜ் அனுப்பி, போர்ட்டிங் நம்பர் (கோட்) வாங்கி, வேறு கம்பெனிக்குப் போயிருப்பேன். நம்ம தமிழ்நாட்டு டெலிகாம் வட்டத்துக்குள் மூணு வேலை நாளில் முடிந்துவிடும். வருஷ பேக்கில் அப்படிப் போனால் மிச்சமிருக்கிற நாளும் டேட்டாவும் போச்சு, புது கம்பெனியில் சேராது. குத்தகைப் பணத்தை முன்னாலேயே முழுசாகக் கொடுத்தபிறகு கிணறு வற்றின மாதிரி. எட்டு மாசம் அப்படித்தான் ஓட்டினேன்.

கிணற்று மோட்டாரைப் போனிலிருந்தே ஓட்ட ஸ்டார்ட்டரில் போடுகிற சிம்மைப் பற்றியும் மாமா கேட்டார். அதற்கு டேட்டாவே வேண்டாம். கால், எஸ்எம்எஸ் மட்டும் இருக்கிற பேக்கைத் தரவேண்டும் என்று 2024 டிசம்பரில் டிராய் சொன்ன பிறகு அப்படிப்பட்ட பேக்குகள் வந்துவிட்டன, கேட்டு வாங்குங்கள். ஸ்டார்ட்டர் பழைய 2ஜி என்றால் ஜியோ சிம் அதில் வேலை செய்யாது, அவர்களிடம் 2ஜி கிடையாது.

அம்மா கோபி டவுனில் தங்கச்சி வீட்டில் இருக்கிறார்கள், அங்கே சிக்னல் நன்றாக நிற்கிறது. அம்மா நம்பருக்கு இதே வருஷ பேக்கைப் போட்டுவிட்டேன். என் நம்பரை வேறு கம்பெனிக்கு மாற்றிவிட்டு 28 நாள் பேக் போட்டிருக்கிறேன். வருஷத்துக்குக் கொஞ்சம் காசு கூடப் போகட்டும், பிடிக்காவிட்டால் 90 நாள் கழிந்ததும் கிளம்பலாம்.

மாமா, நீங்கள் முதலில் அந்தக் கம்பெனியின் 28 நாள் பேக் ஒன்று போடுங்கள். ஆசாரத்தில் உட்கார்ந்து பேசிப் பாருங்கள், கிணற்றுமேட்டில் நின்று பேசிப் பாருங்கள், மழை பெய்கிற அன்றும் பாருங்கள். அதுக்கப்புறம் கூப்பிடுங்கள், வருஷ பேக்கை நானே போட்டுவிடுகிறேன்.