தேன்குழாய் ஒன்றா, இரண்டா? மலைப் புல்வெளி ஆர்க்கிட்டுகளை இனம்காணும் வழி

நீலகிரி, பழனிமலைப் புல்வெளிகளில் மழைக்காலத்தில் புல்லுக்கு நடுவே ஒரு பூங்கதிர் நிமிர்ந்து நின்றால், அது தரை ஆர்க்கிட் என்பதைச் சொல்லிவிடலாம். எந்த ஆர்க்கிட் என்பதில்தான் சிக்கல். பெரும்பாலும் குழப்பம் சட்டீரியம், ஹேபனேரியா, ஸ்பைராந்தஸ் என்ற மூன்று பேரினங்களுக்குள் வரும். நிறத்தை வைத்துத் தீர்ப்பு எழுதுபவர்களே அதிகம். அது உதவாது. சட்டீரியம் நேபாளென்ஸ் நல்ல ரோஜா நிறத்திலும் பூக்கும், ஏறக்குறைய வெள்ளையாகவும் பூக்கும்.

என்னைக் கேட்டால், பூவின் முகத்தை விட்டுவிட்டு முதுகைப் பார்க்க வேண்டும். அங்கே தேன்குழாய் (பூவிலிருந்து பின்னோக்கி நீளும் மெல்லிய குழாய்) இரண்டு இருந்தால் சட்டீரியம். ஒன்றே ஒன்று என்றால் ஹேபனேரியாவாக இருக்க வாய்ப்பு அதிகம். எதுவுமே இல்லையென்றால் ஸ்பைராந்தஸ்.

சட்டீரியத்துக்கு இன்னொரு சாட்சியும் உண்டு. பெரும்பாலான ஆர்க்கிட்டுகளில் மொட்டு விரியும்போது, பூவுக்கு அடியில் காம்பு போலத் தெரியும் சூல்பை அரைவட்டம் முறுக்கிக்கொள்ளும். அதனால்தான் உதடு எனப்படும் பெரிய இதழ் கீழே வந்து பூச்சிக்கு மேடையாகிறது. சட்டீரியத்தில் இந்த முறுக்கு இல்லை. உதடு மேலேயே நின்று முக்காடு போல் கவிந்திருக்கும், அதன் பின்புறத்திலிருந்து இரு குழாய்களும் சூல்பையை ஒட்டிக் கீழே இறங்கும். சூல்பையின் வரிகள் நேராக ஓடுகின்றனவா, திருகி ஓடுகின்றனவா என்று பார்த்தாலே போதும்.

ஹேபனேரியாதான் தலைவலி. உலகம் முழுவதும் 800-க்கும் மேற்பட்ட இனங்கள். பெரும்பாலும் வெள்ளை அல்லது பச்சைப் பூக்கள், பல இனங்களில் உதடு மூன்றாகப் பிரிந்திருக்கும். பக்கத்தில் பெரிஸ்டைலஸ் என்ற உறவுக்காரப் பேரினம் வேறு. அதிலும் தேன்குழாய் ஒன்றுதான், ஆனால் குட்டையாக, பல இனங்களில் சிறு பை அளவுக்கே இருக்கும். உறுதி வேண்டுமானால் கைலென்ஸ் எடுத்துச் சூல்முடியை, அதாவது பூவில் மகரந்தத்தை ஏற்கும் பகுதியைப் பார்க்க வேண்டும்: ஹேபனேரியாவில் அது காம்போடு முன்னே நீட்டிக்கொண்டிருக்கும், பெரிஸ்டைலஸில் காம்பின்றி ஒட்டியிருக்கும். பெரிய வெள்ளைப் பூ, நீண்ட குழாய், உதட்டின் பக்க மடல்கள் இழை இழையாகக் கிழிந்தாற்போல இருந்தால் பெக்டிலிஸ் ஜைஜான்டியா. முன்பு அதையும் ஹேபனேரியாவில்தான் சேர்த்திருந்தார்கள்.

ஸ்பைராந்தஸ் சைனென்சிஸ் எளிது. மெல்லிய தண்டைச் சுற்றிப் படியேறும் சின்னஞ்சிறு பூக்கள், ரோஜா நிறம், உதடு வெள்ளை. சுற்று வலமா இடமா என்று மெனக்கெட வேண்டாம். செடிக்குச் செடி மாறும்.

இலையை நம்பலாமா? ஹேபனேரியா கிராண்டிஃபுளோரிஃபார்மிஸ் தரையோடு படிந்த ஒற்றை அகல இலையாலேயே தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். மற்றவற்றில் இலை துணைச் சான்று மட்டுமே.

படம் எடுப்பவர்கள் மேலிருந்து எடுக்கும் அழகான படம் இதற்குப் பயன்படாது. பூவின் பக்கவாட்டுப் படம் ஒன்று, குழாய் முழுவதும் தெரிய வேண்டும். தண்டின் அடியும் இலையும் சேர்ந்து இன்னொன்று. கிழங்கைத் தோண்டிப் பார்க்கத் தேவையே இல்லை: மேலே சொன்ன அடையாளங்கள் எல்லாம் மண்ணுக்கு மேலேதான் இருக்கின்றன.