மூணு கலர் அட்டையும் ஒரு தாளும்: பனியன் கம்பெனியில் ஆறு வருஷ அனுபவம்

திருப்பூரில் முப்பது மெஷின் ஓடும் சின்ன யூனிட்டில் கியூசியாக, அதாவது தரம் பார்ப்பவனாக இருக்கிறேன். தரக் கட்டுப்பாட்டுக்குத் திட்டம் போட்டு வேலை செய்ய ஆரம்பித்து ஆறு வருஷம் ஆகிறது. ஆரம்பித்தது ஆசையால் இல்லை, அடிபட்டதால்.

3,000 பீஸ் டி-ஷர்ட் ஆர்டர். ஃபைனல் செக்கிங்குக்கு வந்தவர் ஏக்யூஎல் 2.5 கணக்கில் (எத்தனை தப்பு வரை ஏற்கலாம் என்கிற அளவுகோல்) 125 பீஸை உருவி எடுத்தார். ஏழு தப்பு வரை பாஸ், எட்டு வந்தால் ஃபெயில். எங்களுக்குப் பதினொன்று. டேப் ஒட்டிய பெட்டிகளை உடைத்து விடிய விடிய செக்கிங் போட்டோம். பாதிக்கு மேல் ஒரே தப்புதான்: கீழ்மடிப்பில் தையல் விட்டிருந்தது. எல்லாம் ஒரே ஃபிளாட்லாக் மெஷினில் (மடிப்பு தைக்கும் மெஷின்) ஓடியவை. முதல் நாள் காலையில் யாராவது நாலு பீஸ் பார்த்திருந்தால் அங்கேயே நின்றிருக்கும்.

அதற்கப்புறம்தான் அந்த ஒரு தாள். எந்த இடத்தில் என்ன பார்ப்பது, எவ்வளவு வரை ஏற்பது, எத்தனை பீஸ், யார் பார்ப்பது, தப்பு வந்தால் என்ன செய்வது என்று கட்டம் போட்டது. துணி வந்ததும் வட்டக் கட்டரில் 100 சதுர செ.மீ. வெட்டி எடை போட்டு நூறால் பெருக்கினால் ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பது. 180 கேட்டிருந்தால் 171 முதல் 189 வரை சரி, வெளியே போனால் கட்டிங்குக்கு விடுவதில்லை. லைக்ரா (இழுபடும் நூல்) கலந்த துணியை ரோலிலிருந்து பிரித்து ஒரு நாள் ஆறப்போட வேண்டும். வெட்டியதும் லேயரில் மேல், நடு, அடி என மூன்று பீஸைப் பேட்டர்னோடு வைத்துப் பார்க்க வேண்டும்.

தையலில்தான் கலர் அட்டை. ஒவ்வொரு மெஷினிலும் செக்கிங் ரவுண்டுக்கு ஏழு பீஸ் பார்ப்போம். தப்பே இல்லை என்றால் பச்சை, ஒன்று என்றால் மஞ்சள், இரண்டு வந்தால் சிவப்பு, மெஷின் நிற்கும். பீஸ் ரேட்டில் தைப்பவருக்கு மெஷின் நின்றால் கூலி போச்சு. சிவப்பு அட்டை தெரியாமல் மேலே கைக்குட்டையைப் போட்டு மூடிய அக்காவைப் பார்த்திருக்கிறேன். கோபப்பட எனக்கு மனசு வரவில்லை.

மூன்றாவது மாசம் ஒரு நாள் பத்து மணிக்கு லைனுக்குப் போனால், சாயங்காலம் வரைக்குமான ஐந்து ரவுண்டும் ஒரே பேனாவில் பச்சை டிக் அடித்துக் கிடக்கிறது. ரவுண்டு போகும் பொண்ணைக் கேட்டேன். "முப்பது மெஷினு, அஞ்சு ரவுண்டு. நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கண்ணா" என்றாள். போட்டேன். ஒரு நாளைக்கு 1,050 பீஸ். ஒரு ஆளால் முடிகிற வேலையா அது? தப்பு அவளுடையது இல்லை, தாளை எழுதிய என்னுடையது. கழுத்து, தோள், கீழ்மடிப்பு மெஷின்களுக்கு மட்டும் நாலு ரவுண்டு வைத்து, மற்றவற்றுக்குக் காலையில் ஒன்று, மதியம் ஒன்று எனக் குறைத்தேன். அட்டைகள் அப்புறம்தான் உண்மை பேச ஆரம்பித்தன.

இன்னொரு மாற்றம்: சிவப்பு விழுந்தால் முதலில் வேறு டெய்லரை அதே மெஷினில் உட்காரவைத்து ஏழு பீஸ் தைக்கச் சொல்வோம். மறுபடி சிவப்பு வந்தால் ஊசி, லூப்பர் (அடியில் நூலைக் கோக்கும் கொக்கி) பார்க்க மெக்கானிக் வர வேண்டும். நின்ற நேரத்துக்கு டெய்லருக்குக் கூலி உண்டு. முதலாளியிடம் இதற்குச் சம்மதம் வாங்கத்தான் ரொம்ப நாள் பிடித்தது. வாங்கியபின் அட்டை மேல் கைக்குட்டை விழவில்லை.

செலவு பெரிதாக இல்லை. கட்டர், நல்ல தராசு, அட்டை. ஆள் கூலிதான் கனம். இருந்தாலும் கடைசி டேபிளில் ஆல்ட்ரேஷன் (திருத்தித் தைக்க வேண்டிய பீஸ்) குவிந்து, ஷிப்மென்ட் தேதிக்கு ஓவர்டைம் போட்டதோடு ஒப்பிட்டால் எனக்கு இதுதான் லாபமாகப் படுகிறது. பத்து மெஷினுக்குள் வைத்திருப்பவர்கள் இவ்வளவு எழுத வேண்டாம். கடைசிக் கட்டத்தை, அதாவது தப்பு வந்தால் யார் என்ன செய்வது என்பதை மட்டுமாவது எழுதி ஒட்டுங்கள். எங்கள் முதல் தாளில் அந்தக் கட்டம் காலியாகத்தான் இருந்தது.

பிடிபடாதது பிரிண்டிங். வெளியே கொடுத்து வாங்குகிறோம், அங்கே நம் தாள் செல்லாது. திரும்பி வந்ததும் பண்டலுக்கு ஐந்து பீஸ் பிரித்து, இழுத்துப் பார்த்து, பிரிண்டில் வெடிப்பு இருந்தால் அப்படியே கட்டி ஓரமாக வைக்கிறோம். போன வாரம்கூட நாலு பண்டல் கட்டி வைத்திருக்கிறது.